துடைப்பத் தலை

செப்டம்பர் 11

ட்ரெய்லர் வந்துவிட்டது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்கு அடியில் போனை ஒளித்து வைத்துப் பதினாலு தடவை பார்த்தேன். பதினைந்து வயதிலிருந்து நான் படித்துவரும் மங்கா சித்திரக்கதை, முப்பத்தொரு புத்தகம், இப்போது நிஜ மனுஷர்கள் நடிக்கும் படமாகிறது. அதன் நாயகன், உப்பு சுமக்கும் ஷிகுரே! என் ஷிகுரே!

அவன் தலையில் என்னத்தை வைத்திருக்கிறார்கள்? அதுவா சாம்பல் நிறம்? பொறுக்க முடியவில்லை. என் புனைபெயரில் ஒரு போஸ்ட் போட்டேன்: "தலையில் துடைப்பத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஷிகுரேவுக்கு உச்சிச் சுழி இடது பக்கம். மூன்றாம் புத்தகத்தில் மழையில் குனிவானே, அந்தப் பக்கத்தை ஒருத்தராவது புரட்டினீர்களா?"

செப்டம்பர் 12

நாற்பத்தோராயிரம் லைக். பல் பிடுங்க வந்த பையன்கூட "துடைப்பத் தலை" என்று சொல்லிச் சிரிக்கிறான். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 14

வகானா டோக்கியோவிலிருந்து பேசினாள். ஒன்றாய்ப் படித்தவள், நாடகக்காரர்களுக்கு விக் கட்டுகிற பட்டறையில் வேலை.

"இத்சுகோ, வெளில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அதான் ஒரு வருஷமா உன்கிட்டகூட வாயைத் திறக்கல. ஷிகுரே தலை நான் கட்டினதுடீ. ஒவ்வொரு முடியா ஊசியில கோத்து, நாலு மாசம்."

அவளே மேலே சொன்னாள்:

"துடைப்பம்னு எழுதினவ எவளோ தெரியல. ஆனா சுழி விஷயம் சரிதான். நான் இடது பக்கம்தான் கட்டினேன். நடிகரோட தழும்பு தெரியுதுன்னு மாத்த வச்சுட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "யாரோ வேலையத்தவ. விட்டுத் தள்ளு."

செப்டம்பர் 15

நுணலும் தன் வாயால் கெடும். நான் நுணல்.

செப்டம்பர் 17

அந்தச் சுழியைக் கண்டுபிடித்ததே நாங்கள் இரண்டு பேரும்தான், பள்ளிக்கூட ரயிலில், ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. வேறு யாரும் அதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. அவளுக்கு இன்னுமா தெரியாது? தெரிந்துகொண்டே என் வாயைக் கிளறுகிறாளா? இன்று நாலு தடவை போன் வந்தது. நாலு தடவையும் அவள்தான் என்று நினைத்தேன். நாலும் பல் வலிக்காரர்கள்.

செப்டம்பர் 19

போஸ்ட்டை அழித்துவிட்டேன். அப்பாடா.

செப்டம்பர் 20

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. "படக் கம்பெனி மிரட்டி அழிக்க வச்சிருக்கு" என்று எவனோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், ஆளாளுக்குத் துப்பறிந்து, விக் கட்டின பட்டறையின் பெயரையே தோண்டி எடுத்துவிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை என்று நான் சொன்னால், பின்னே ஏன் அழித்தாய் என்பார்கள். என்ன சொல்ல? கட்டினவள் என் சிநேகிதி என்றா? அடிப்பாவி, சும்மா இருந்திருக்கக் கூடாதா நீ!

அக்டோபர் 3

வகானா அழுதாள். பட்டறைக்குப் போன் மேல் போனாம், எல்லாம் திட்டு. இரண்டாம் பாகத்துக்கு இவள் வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள்.

"நீ ஒருத்தி இருக்கியே, அதுவே போதும்" என்றாள். படம் வரும் முதல் நாள் நகோயாவுக்கே வந்து என்னோடுதான் பார்ப்பாளாம். டிக்கெட் எடுத்துவிட்டேன். எச் வரிசை, 11-12.

நவம்பர் 8

உண்மையைச் சொல்லிக் கடிதம் எழுதிப் பார்த்தேன். ஆறாவது தாள். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான், "கோபப்படாதே." இரண்டாவது வரி வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 21

பார்த்தோம். மழைக் காட்சியில் ஷிகுரே குனிந்தபோது ஈரமுடி பிடரியில் ஒட்டி, ஒற்றை இழை மட்டும் காற்றில் ஆடியது. முடியைப் பார்க்க வந்தவள் என்பதே மறந்துபோய் அழுதேன். ஒன்றரை நிமிஷ ட்ரெய்லரை வைத்துக்கொண்டா அத்தனை பேசினேன்?

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. விளக்கு எரியும்வரை இங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், எழவும் முடியாது. வகானா முன்னால் சாய்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பட்டறையின் பெயர் மட்டும் வந்தது. அவள் பெயர் இல்லை. மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள்.

விளக்கு வந்ததும் சிரித்தாள். "பேரைப் போட்டா வீட்டுக்கே வந்து திட்டுவாங்கன்னு பயந்துட்டாங்க போல."

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "துடைப்பம்னு எழுதினது நான்தான்" என்றேன்.

கூட்டுகிற பெண் வந்து எங்கள் வரிசைக்காகக் காத்து நின்றாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்று உளறினேன்.

"சத்தியமாத் தெரியாதுடீ. சுழியைப் பத்திப் படிச்சப்போ, பரவாயில்லையே, நம்ம இத்சுகோ மாதிரியே இன்னொருத்தி இருக்காளேன்னு சந்தோஷப்பட்டேன்."

"மன்னிச்சிடு வகானா."

"எழுதினதுக்குக் கோபம் இல்லடீ. எழுதுவாங்க, எங்க தொழில்ல அது சகஜம். ரெண்டு மாசம் என் அழுகையைக் கேட்டுக்கிட்டு ஆறுதல் சொன்னியே..."

மதியம் எங்கள் ஊர் மிசோ கட்லெட் சாப்பிடுவதாக இருந்தோம். சாப்பிடாமல் ரயிலேறிவிட்டாள். பின்னாலேயே ஸ்டேஷன்வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 22

என் புனைபெயரில் எழுதினேன்: என்னை யாரும் மிரட்டவில்லை, வெட்கப்பட்டு நானே அழித்தேன், படம் பார்த்தேன், நான் சொன்னது தப்பு. அறுபத்து மூன்று லைக்.

டிசம்பர் 15

வகானாவுக்குப் புத்தாண்டு அட்டை எழுதினேன். இரண்டு வரிக்கு ஒரு மணி நேரம். இன்றே தபாலில் போட்டுவிட்டேன்; எல்லா அட்டைகளையும் சேர்த்து வைத்து முதல் தேதி காலையில்தான் கொண்டு கொடுப்பார்கள்.

ஜனவரி 1

தபால்காரர் காலையிலேயே அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டார். மூன்று தடவை புரட்டிவிட்டேன். அவள் அட்டை இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஜனவரி 5

வந்துவிட்டது. முதல் தேதிக்கு வராமல் ஐந்தாம் தேதி வந்தால், என் அட்டை கிடைத்த பிறகு மரியாதைக்குப் போட்டது என்று அர்த்தம். "சென்ற ஆண்டு அளித்த ஆதரவுக்கு நன்றி. இவ்வாண்டும் தங்கள் அன்பை வேண்டுகிறேன்." அச்சடித்த வரிகள். பல் ஆஸ்பத்திரிக்கு மருந்துக் கம்பெனிக்காரன் அனுப்புகிற அதே வரிகள். கையால் எழுதியது முகவரி மட்டும்; என் பெயருக்குப் பின்னால் "அவர்கள்" போட்டிருக்கிறாள்.

பேனாவை எடுத்தேன். பதிலுக்கு வந்த அட்டைக்கு யாரும் பதில் போடுவதில்லை.