அந்த மேஜையை நான் தரமாட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அன்புள்ள என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் மகளும் நலம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. நீங்கள் நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் அக்கா வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சாப்பாட்டு மேஜையைத் தடவித் தடவிப் பார்த்தார். “தம்பி அங்க மாடா உழைக்கிறான், உனக்குப் புது மேஜை கேக்குதா?” என்றார். மூடிப்போன கிளினிக்கில் கிடந்த பழைய மேஜை அண்ணி, நான்தான் சரிசெய்தேன் என்றேன். “யார்கிட்ட கதை விடறே?” என்று சிரித்தார். சிரித்த வாயோடு உங்களுக்குப் போன் போட்டு, நான் புது மேஜை வாங்கிவிட்டதாகச் சொன்னார். நீங்களாவது என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா? “உனக்குப் பிடிச்சிருந்தா நீயே எடுத்துட்டுப் போக்கா” என்று தாராளமாகச் சொல்லிவிட்டீர்கள். ஸ்பீக்கரில் கேட்டது. மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறதாம்.

அந்த மேஜை வந்த கோலத்தைப் பார்த்திருந்தால் விறகுக்குப் போடச் சொல்லியிருப்பீர்கள். மேல்பலகை முழுக்க மருந்துக் கறை, ஒரு கால் வேறு ஆட்டம். நானும் அவசரக்குடுக்கை, பழைய மெழுகைத் தேய்த்தெடுக்காமலே பெயின்ட் அடித்துத் தொலைத்தேன். இரண்டே நாளில் அங்கங்கே கொப்புளம் கிளம்பி உரிந்தது. “அம்மா, மேஜைக்கு அம்மை போட்டிருக்கு” என்றாள் மகள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போட்டு மறுபடி தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து, ஆபீஸ் மெஷினில் என் கைரேகை விழவில்லை. மேலதிகாரி என்னை ஏதோ களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். கீழ்வீட்டு பெயின்டர் மிச்சம் வைத்திருந்த பச்சையில் வெள்ளையைக் கலந்து அடித்தேன்.

நன்றாக வந்துவிட்டதுதான் என் குற்றம். கொஞ்சம் கோணலாகச் செய்திருந்தால் அண்ணி நம்பியிருப்பார், இல்லையா? நீங்கள் லீவில் வரும்போது காட்டி அசத்தலாம் என்று மூச்சு விடாமல் வைத்திருந்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அண்ணி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவர் குணம் தெரிந்ததுதான். உங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் என்ன ஆச்சு என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நான் உங்கள் உழைப்பைக் கரியாக்குகிறவள் என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு வெளியே போய்விடுவேன். அண்ணியிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், கொடுத்தவர் வந்து தூக்கிக் கொடுக்கட்டும் என்று. ஆமாம், நீங்களேதான் வரவேண்டும். லீவை மாற்றி மாற்றித் தள்ளிப் போட்டீர்களே, இதற்காவது வாருங்கள். எங்களோடு உட்கார்ந்து அதில் ஒரு வேளை சாப்பிடுங்கள். அப்புறமும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள், மறுபக்கம் நான் பிடிக்கிறேன்.

கோபம் துளியும் ஆறாத,
உங்கள் மனைவி