வரைய வராத நான்காவது படம்

6-6-2006, செவ்வாய்
பனியன் கம்பெனியில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையிலிருந்து, புது மாதிரிகளை உருவாக்கும் சாம்பிள் அறைக்கு மாற இந்த ஒரு வாய்ப்புதான். குழந்தைகளுக்கான டி-சர்ட் ஒன்று, முழுக்க என் யோசனையில். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையருக்குப் பிடிக்காவிட்டால் பழைய இடம்தான் என்று முதலாளி செல்வக்குமார் சொல்லிவிட்டார். மூன்று வருடம் நின்றாயிற்று, இன்னும் நிற்க என்னால் ஆகாது.

சட்டையை எல்லோரும் மேசையில் விரித்துத்தான் பார்க்கிறோம். போடுகிற குழந்தையை யார் பார்த்தது? அளவுப் படத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் ஒரு நாளைக் கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, சட்டை கேட்டா கதை வரைஞ்சுட்டு இருக்கறீங்க?" கோபமில்லை, கிண்டல்தான். எனக்குத்தான் சுருக்கென்றது.

7-6, புதன்
எழுந்தாள், சாப்பிட்டாள், ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். மூன்று படமும் தானாக வந்தன. நான்காவதில் சட்டையைக் கழற்ற வேண்டும் — பென்சில் நகரவில்லை. கை எங்கே போகும்? தலை எப்படி வெளியே வரும்? இத்தனை ஆயிரம் சட்டை பார்த்தவளுக்கு இது தெரியல பாரேன்.

8-6
அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.

11-6, ஞாயிறு
பக்கத்து வீட்டுச் சித்ராதேவி அக்காவின் இரண்டு வயது மகள் சட்டை கழற்றுவதைப் பார்க்கப் போனேன். "இவ சட்டையக் கழட்டுனா போடற சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பாக்கும். இதுக்கு வேடிக்கை பாக்க வேற ஆளா?" என்று அக்கா சிரித்தாள்.

உண்மைதான். கழுத்துப் பட்டை காதில் மாட்டியது, அலறல். அக்கா உதவப் போனால் பிள்ளை அவள் கையைத் தட்டிவிடுகிறாள். தானே கழற்ற வேண்டுமாம்! அழுகை வலியால் இல்லை, ரோஷத்தால். இது எனக்குத் தோன்றவே இல்லையே.

ஓடிவந்து நான்காவது படத்தைப் போட்டேன்: தலை சட்டைக்குள் மாட்டி, ரோஷத்தில் அழுகிற பிள்ளை. பிறகு என் சட்டைக்குத் தோளில் இரண்டு பிரஸ் பட்டன், பிஞ்சுக் கைக்கு எட்டுகிற இடத்தில். இழுத்தால் கழுத்து அகலமாகத் திறக்கும்.

14-6, புதன்
சாம்பிள் தயார். சித்ராதேவி அக்கா மகள் தானே கழற்றினாள்! மறுபடி போடச் சொல்லி, மறுபடி கழற்றினாள். திருப்பி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

19-6, திங்கள்
பையர் வந்தார். முதலாளி சாம்பிளையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, என்னைச் செக்கிங்கில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். என் ஆங்கிலத்தை நம்பவில்லை போல. அவ்வளவுதானா?

கொஞ்ச நேரத்தில் அவரே மேசைக்கு வந்தார். "அவரு படத்தயேதான் பாத்துட்டு இருக்கறாருங்க. இந்தப் புள்ள ஏன் அழுகுதுன்னு கேக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரியலீங்க கண்ணு, நீங்களே வாங்க."

போனேன். ஆங்கிலம் பாதியில் நின்றது. மீதியை, சட்டைக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நடித்தே காட்டினேன். பையர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பட்டனை அவரே திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது செக்கிங் மேசையில் என் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். என் சாப்பாட்டுப் பை சாம்பிள் அறையில் இருந்தது. யார் கொண்டுபோய் வைத்தார்களோ.