ரிசல்ட் நாளும் ஒற்றைப் பூட்டும்

மாப்ளே,

இன்று பிளஸ் டூ ரிசல்ட். பக்கத்து வீட்டுப் பெண் செல்போனிலேயே மார்க்கைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

அந்த வருடம் ரிசல்ட் அன்று பழனிசெட்டிபட்டியில் நம் ஆபீஸ் வாசலில் எத்தனை பேர் நின்றார்கள்! தேனியில் பாதி பிரவுசிங் சென்டர்களுக்கு நம் இன்டர்நெட் இணைப்புதான். பத்து மணிக்கு எல்லாம் நின்றுபோனது. "எம்மக பாஸா பெயிலான்னு தெரியாம எப்பிடிய்யா வீட்டுக்குப் போறது?" என்று ஒருவர் உன் சட்டையைப் பிடித்தார். இன்னொரு தடவை இப்படி ஆகியிருந்தால் தொழிலே போயிருக்கும்.

மதுரை என்ஜினியர் சொன்னாரென்று ஃபயர்வாலுக்கு நான்கு பிராசஸர் மிஷின் வாங்கினாய். முன்னைவிட மோசமானது. வாசல் காவல்காரன் மாதிரி ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்பையும் ஓர் அட்டவணையில் பதிந்துவைத்து, பதில் வரும்போது அதைப் பார்த்துத்தான் உள்ளே விடும். அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரு பிராசஸர் அதைப் பிடித்திருந்தால் மற்ற மூன்றும் சும்மா நிற்கும். இதை நான் சொன்னபோது நீ சிரித்தாய்.

"டிவி ரிப்பேர் பாத்த பய நீ. அவுக படிச்சவுக, மாப்ளே."

படித்தவர் ஊருக்குப் போனபின் நான் உட்கார்ந்தேன். அட்டவணையைப் பல துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். முதலில் நானும் தப்புச் செய்தேன். இணைப்பு ஒரு துண்டில் பதிவாக, பதில் வந்ததும் மிஷின் அதை வேறு துண்டில் தேடியது. ஒன்றும் உள்ளே வரவில்லை. திருத்த மூன்று வாரம் ஆனது. அடுத்த ரிசல்ட் நாளில் புகார் சொல்லி நம் வாசலுக்கு ஒருவர்கூட வரவில்லை.

தை மாதம் நம் ஆபீஸ் ஆண்டு விழாவில் நீ என்ஜினியருக்குப் பொன்னாடை போர்த்தினாய். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே வேலையை விட்டேன்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தாய், கையில் பொட்டலத்தோடு.

"இந்தா, உனக்கும் ஒண்ணு. கோவத்த விடு."

"மேடையில கூப்பிட்டுப் போத்து."

"செஞ்சது நீதான்னு எனக்குத் தெரியாதாடா?"

"உனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லு."

பொட்டலத்தோடு திரும்பிப் போனாய். ஆடியில் செத்தும் போனாய்.

இப்போது வந்து நின்றாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று தெருமுனையில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தாய். கூப்பிடுவேன் என்று நினைத்திருப்பாய். நான் கூப்பிடவில்லை. அந்த ஒன்றை மட்டும் உன் மேல் போட முடியாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.