பழைய இடாப்பில் உங்கள் பெயர்

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். ஞாயிறு போனில் பேசும்போது விடுதிப் பொறுப்பாளர் மேற்றன் பக்கத்திலேயே நிற்பதால் இதை எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு விடுதியின் வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். நூற்றைம்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர்தான். பிள்ளைகளின் பெயர் பதிந்த 2006ஆம் ஆண்டு இடாப்பைத் தூசு தட்டியபோது உங்கள் பெயரைக் கண்டேன்: சா. யோகமலர், சம்பூர், பதினோராம் தரம், வகுப்பில் முதலாம் பிள்ளை. பக்கத்தில் சிவப்பு மையில், "தந்தையார் அழைத்துச் சென்றார். பரீட்சைக்குத் திரும்பவில்லை." அதே வரி இன்னும் இருபத்திரண்டு பேருக்கு இருக்கிறது.

"எனக்குப் படிப்பு ஏறேல்லை பிள்ளை" என்றுதானே இவ்வளவு காலமும் சொன்னீர்கள்?

மேற்றனிடம் காட்டினேன். "ஓம், சண்டை திரும்பவும் தொடங்கின வருசம். கனபேர் திரும்பி வரேல்லை. அதையெல்லாம் மலரில போட ஏலாது, அந்த வருசத்தை விட்டிட்டு எழுதும்" என்றார்.

தலைக்கு எண்ணெயும் ஒரு போர்வையும் அனுப்புங்கள். என் இரண்டு பக்கமும் கட்டில்கள் வெறுமையாகக் கிடப்பதால் குளிருகிறது.

படிப்பு மணி அடித்துவிட்டது. போன கடிதத்தில் என்னை வந்து கூட்டிப்போகச் சொன்னேன். பரீட்சை முடியும்வரை அப்பாவை அனுப்பாதீர்கள். நான் போனில் அழுதாலும் அனுப்பாதீர்கள்.

மகள்,
ஜதுசா