நான்காவது சமன்பாட்டை எடுக்காதே

மாம்பலம்,
11-10-1977

அன்புள்ள காந்திமதிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். வழக்கத்துக்கு எழுதும் வரி என்று தாண்டிப் போய்விடாதே, இன்னொரு முறை படி. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, நேற்று பாண்டி பஜாரிலிருந்து இரண்டு பை காய்கறியோடு நடந்தே வந்தேன். நீயும் ஸ்காட்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வந்திருந்தார். தூத்துக்குடி உப்பளக்காரர் வீட்டுப் பையன், தை மாதம் முகூர்த்தம் என்று எல்லாம் அவரே பேசி முடித்துவிட்டார். ஆராய்ச்சி முடியாமல் வரமாட்டேன் என்று நீ மூன்று கடிதம் எழுதியும் அவர் விடுவதாக இல்லை. உன் அப்பாவிடம், ஏ சிதம்பரம், ஒம் பொஞ்சாதிக்கு நெஞ்சு வலி, சீரியஸ்னு ஒரு தந்தி அடி, பிள்ள மறு பிளேன்ல வந்துரும்லா என்றார். காபி டம்ளரோடு எதிரே நின்ற என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு வலி இல்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். வாங்கிய டம்ளரை அவர் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஐம்பத்திரண்டில் நான் எம்.ஏ. கணிதத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம், அப்பா சீரியஸ் என்று விடுதிக்குத் தந்தி வந்தது. இரவெல்லாம் ரயிலில் அழுதுகொண்டே திருநெல்வேலி போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைமரத்தை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் கட்டு என்று ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் அப்பாதான். உன் அப்பா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்தத் தந்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். பசித்த அமீபா ஒன்று ரசாயனத்தால் குரல் கொடுக்கிறது, பக்கத்துச் செல் அதை மேல்தோலில் வாங்கி, உள்ளே கை மாற்றி, தானும் குரல் கொடுக்கிறது, பிறகு சில நிமிஷம் செவிடாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் செவிட்டுத்தனத்துக்கு நீ போட்ட நான்காவது சமன்பாடு கணக்கைச் சிக்கலாக்குகிறது, எடுத்துவிடு என்று ப்ரொபசர் சொன்னதாகவும், எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும். எடுக்காதே. நம் ஜவுளிக்கடைப் படிக்கட்டில் நிற்கும் தேசப்பனைத் தெரியுமல்லவா, கீழே கேட்ட சேலையை மாடிக்குக் கூவிச் சொல்பவர். ஒரு முறை சொன்னால் சேலை இறங்கும்வரை யார் கத்தினாலும் திரும்பமாட்டார். போன வாரம் உன் பெரியப்பா, செவிடனா வே நீ, கூப்பிடுத ஒவ்வொரு தடவையும் குரல் குடு என்று ஏசினார். ஒரு தபா சொன்னா போதும் மொதலாளி, மேல போய்க்கினு கீது என்று அவர் சொன்னது எடுபடவில்லை. மறுநாள் ஒரு அம்மாள் பச்சைச் சுங்குடி ஒன்று கேட்டார். மூன்று பேர் மாற்றி மாற்றிக் கத்த, தேசப்பனும் விடாமல் கத்த, பதினொரு பச்சைச் சுங்குடி இறங்கிப் படிக்கட்டே அடைத்துக்கொண்டது. அந்த அம்மாள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் காலண்டர் தாள்களின் பின்பக்கம் நீ எழுதியனுப்பிய சமன்பாடுகளைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தேன். ஆறாம் படியில் கூட்டல் தவறி மறுபடி ஆரம்பித்தேன், இருபத்தைந்து வருஷத் துரு. நான்காவது இல்லாவிட்டால் எல்லாச் செல்லும் ஒரேயடியாகக் கத்துகிறது, அலையே எழவில்லை. இருந்தால் எழுகிறது, அடங்குகிறது, மறுபடி எழுகிறது. தாள்களைத் தனியே அனுப்புகிறேன், ப்ரொபசரிடம் மரியாதையாகக் காட்டு, ஆனால் விட்டுக்கொடுக்காதே.

கடிதத்தைக் கடை ஆளிடம் கொடுக்கவில்லை, உன் பெரியப்பா காதுக்குப் போகாமலிருக்க மந்தைவெளி வரை போய் அங்கே தபாலாபீஸில் நானே போடப்போகிறேன். எனக்கு உண்மையாகவே உடம்புக்கு வந்தால் தந்தியில் நான்கு என்ற எண் இருக்கும். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் பேப்பரை இறக்காமலே, நாலு, ஞாபகம் இருக்கும் என்றார். அந்த எண் இல்லாமல் எத்தனை தந்தி வந்தாலும் நீ செவிடாக இரு.

நெல்லையப்பர் துணையிருப்பார். நினைத்தது முடித்து, உனக்கு வரத் தோன்றுகிற நாளில் வா. ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு வேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு.

நலமாக இருக்கும் உன் அம்மா,
தங்கபுஷ்பம்