ஊதா நிற அயோடின்

இன்று காலை வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். மருமகள் ஓடிவந்து அயோடின் தடவினாள். எரிச்சலைவிட அந்த வாசனைதான் என்னை வதைத்தது, டிரஸரே. நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. விரலில் பழுப்புக் கறையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

மலாயா அவசரகாலத்தில் டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர் நீ. நான் டவுன் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். ஞாயிறுதோறும் உன் மருந்தறையில் தேத்தண்ணியும் அரட்டையும். ஒருநாள் கண்ணாடிக் குழாயில் பழைய கொக்கிப்புழு மருந்தை ஊற்றி, அயோடின் துகளைப் போட்டாய். நல்ல கத்தரிப்பூ ஊதா! அதிலேயே ஸ்பிரிட்டை ஊற்றினாய். பழுப்பாகிவிட்டது.

“பாத்தியா லா, ஸ்பிரிட் தன்னோட எலெக்ட்ரானைக் கொஞ்சம் கொடுக்குது, அயோடின் வாங்கிக்குது. அதான் முழுங்குற வெளிச்சமே மாறிப்போச்சு” என்றாய். எங்கிருந்தோ பத்திரிகை வரவழைத்துப் படித்திருந்தாய். தனித்தனியாக இருந்தபோது இரண்டுமே விழுங்காத ஒரு வெளிச்சத்தையும் சேர்ந்தபின் விழுங்குமாம், அது நம் கண்ணுக்கு எட்டாத பக்கம் இருக்கிறதாம். என்னிடம் சான்றிதழ் இருந்தது. மண்டை உனக்குத்தான் இருந்தது.

“என் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் காட்டணும், ஒரு பாட்டில் கலந்து கொண்டு வாயேன்” என்று கேட்டது நான்தான். எஸ்டேட் மருந்து ஒரு சொட்டு வெளியே போனாலும் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று சந்தேகப்பட்ட காலம் அது. தெரிந்தேதான் கேட்டேன்.

சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்கள் உன்னைப் பாட்டிலோடு நிறுத்தினார்கள். அயோடின் என்றாய். அவர்கள் முழங்காலில் பூசிய அயோடின் எல்லாம் பழுப்பு, ஊதாவை யார் நம்புவார்? “பள்ளிக்கூட வாத்தியாரைக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாயாம். யாருக்காகக் கொண்டுவந்தாய் என்று நீ வாயே திறக்கவில்லை.

சார்ஜன் உன்னை என் வகுப்புக்கே கொண்டுவந்தார். பாட்டிலை மேசைமேல் வைத்து, மலாய்க்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடும்படி, “சிக்கு, இது அயோடினா?” என்று மலாயில் கேட்டார். வாசலில் தலைமையாசிரியர் நின்றார். நீ சிரித்தபடி, “வாத்தியாரே, கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்திக் காட்டு” என்றாய். மேசைமேல் விளக்கு நிறைய ஸ்பிரிட் இருந்தது. காட்டினால் அடுத்த கேள்வி, யார் கேட்டது என்பதுதான். என் வேலை போய்விடும்.

“அயோடின் பழுப்பாக இருக்கும். இது என்னவென்று எனக்குத் தெரியாது” என்றேன்.

உன் சிரிப்பு கலையவே கொஞ்ச நேரம் ஆனது. சீ, நானும் ஒரு மனுஷனா!

மூன்று வாரம் உள்ளே வைத்திருந்து, பாட்டிலைச் சோதித்த பிறகு விட்டார்கள். எஸ்டேட் உன்னைத் திரும்ப எடுக்கவில்லை. மஸ்ஜித் தானா டவுனில் ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டப் போனாய். அந்தப் பக்கமே போகாமல் பல வருஷம் ஓட்டினேன்.

ஒருமுறை தப்ப முடியவில்லை. கடை வாசலிலிருந்து நீயே கூப்பிட்டாய். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் நீ, “வாத்தியாரே, பிள்ளைங்களுக்கு அந்த ஊதாவைக் காட்டுறியா லா?” என்று கேட்டாய்.

“வருஷா வருஷம் காட்டுறேன்” என்றேன்.

“அது போதும்பா” என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்தது.

நான் காட்டவில்லை, டிரஸரே. ஓய்வு பெறும்வரை ஒரு வகுப்பில்கூடக் காட்டவில்லை. குழாயைக் கையில் எடுத்தாலே நீ சிரித்தபடி எதிரே நின்றாய். காட்டியிருப்பேன் என்று நம்பிக்கொண்டே நீ போய்விட்டாய்.