காட்டுக்கு ஸ்பீக்கர் கட்டிய கதை

பாசமுள்ள மச்சான் தணிகாசலத்துக்கு,

இப்போது நான் சொல்லப்போவதை மூவுலகிலும் எவனும் நம்பமாட்டான். இருந்தாலும் உன் லேத்துப் பட்டறைமேல் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

வாரம் ஆறு நாள் அம்பத்தூரில் இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு, ஞாயிறு காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாயே, அந்தக் காட்டுப் பூங்கா நடைபாதை? மூன்றாவது வளைவில், ஈச்சம்புதர் பக்கம் நின்று கையைக் குவித்து "ஊப்... ஊப்..." என்பாய். உள்ளேயிருந்து செம்போத்து பதில் சொல்லும். உன் பெண் மலரையும் ஒருநாள் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன ஞாயிறு நான் கூட்டிப்போனேன். ஸ்கூட்டர் பூந்தமல்லி மெட்ரோ தூண்களைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, அந்தப் பறவை இன்னும் அங்கியே கீதா?"

"உங்கப்பன் கொரலுக்காவே காத்துகினு கீதும்மா." வாயை விட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால், மச்சான், வயிறு எரிகிறது! மரத்துக்கு மரம் ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் கல்யாண அண்டா அளவு. அதில் பறவைச் சத்தம் போடுகிறார்கள்! காட்டுக்குள்ளே! குயில் கூவுகிறது, நடுவில் மெத்தை விளம்பரம், மறுபடியும் குயில். அவமானம் தாங்காமல் நாற்பதாயிரம் மயில்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கின்றன. இதைக் கேட்க நாதி உண்டா?

மூன்றாவது வளைவில் மலர் கையைக் குவித்துக் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வுடு மாமா, போலாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேராகப் பூங்காக் காவலரிடம் போய் எகிறினேன். "இன்னாய்யா அக்கிரமம் இது? பறவை கீற எடத்துல பறவை சத்தமா?"

"காட்டுல ஒண்ணுமே கேக்கலன்னு வர்றவங்கோ சண்டைக்கு வர்றாங்க சார். நான் இன்னா பண்றது?"

"வாய மூடிகினு நடந்தா கேக்கும்! இந்தப் பொண்ணு அப்பன் செத்துட்டான்யா. அஞ்சு நிமிசம் நிறுத்து."

அவர் மலரைப் பார்த்தார். போய் ப்ளக்கைப் பிடுங்கினார்.

மலர் மறுபடி கூப்பிட்டாள். ஈச்சம்புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு "ஊப்" வந்தது. ஒன்பது புலிகள் எழுந்து நின்று கைதட்டின.

அங்கிருந்த புகார்ப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஸ்பீக்கர்களை இறக்கும்வரை ஞாயிறுதோறும் மலரோடு போய் எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மயிலும் புலியும் என் கைச்சரக்கு என்று உனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு "ஊப்" நிஜம், மச்சான்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
மலருக்கு மாமன்